முதல் இருபது நாள் கணக்கு

மழை பிடித்து ஏரி, குளங்களில் தண்ணீர் நின்றுவிட்டால் மீன்குஞ்சு வண்டிகள் ஊருக்குள் வரத் தொடங்கிவிடும். பிளாஸ்டிக் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், நடுவில் துடிக்கும் குஞ்சுகள். பையை அவிழ்த்துக் குளத்தில் விடுகிறோம். நான்காம் நாள் கரையோரம் வெள்ளை வெள்ளையாக மிதந்தால் தண்ணீரைக் குறை சொல்கிறோம். பத்து மாதம் கழித்து வலை இழுக்கும்போது 5,000 விட்ட இடத்தில் 1,500 தேறினால் நாரை தின்றது, திருடன் பிடித்தான் என்கிறோம். அந்தக் குஞ்சு எந்தத் தாய் மீனுக்குப் பிறந்தது, முட்டையிலிருந்து வெளிவந்த முதல் இருபது நாட்கள் எதைத் தின்று எங்கே வளர்ந்தது என்று பெரும்பாலும் நாம் கேட்பதில்லை.

நெல் சாகுபடி செய்கிறவரிடம் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்றங்காலில் தவறியதை நடவு வயலில் உரம் போட்டுச் சரிசெய்ய முடியாது என்பது அவருக்குத் தெரியும். மீனுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் நாற்றங்கால் உண்டு. அதில்தான் மிகப் பெரிய இழப்பு நடக்கிறது. மிகப் பெரிய லாபமும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் மீன்வளர்ப்புக்குச் செய்துகொடுத்த பெரிய உதவி எது என்று கேட்டால், இந்த இளம் உயிரிப் பருவத்தைக் கடக்க வழி காட்டியதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். அந்த வழி நம் குளக்கரை வரை முழுதாக வந்து சேர்ந்ததா என்பதே இங்கு நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

முட்டையிலிருந்து வெளிவரும் உயிரி, மீனைப் போலவோ இறாலைப் போலவோ இருக்காது. கெண்டைக் குஞ்சு பொரித்தவுடன் அதற்கு வாயே திறந்திருக்காது. வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள்கருப் பைதான் சுமார் மூன்று நாட்களுக்குச் சோறு. அது தீரும் நேரத்தில் வாய் திறக்கும். அப்போது வாய்க்கு அடங்கும் அளவில், கண்ணுக்குத் தெரியும்படி அசைகிற உணவு எதிரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டினிதான். ஒரு நாள், இரண்டு நாள் பட்டினி கிடந்த குஞ்சுக்குப் பிறகு உணவு கொடுத்தாலும் செரிக்கும் வலு இருப்பதில்லை. கொடுவா மீனின் வாய் முதல் இரையைத் தேடும்போது ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு அளவே விரியும். அதற்குள் நுழையக்கூடியது ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரி. அந்த ரோட்டிஃபருக்குத் தின்னப் பச்சைப் பாசி வேண்டும். ஆக, கொடுவாக் குஞ்சு வளர்க்க நினைப்பவர் முதலில் பாசி வளர்க்கக் கற்க வேண்டும், பிறகு ரோட்டிஃபர் வளர்க்கக் கற்க வேண்டும், அதன் பிறகுதான் மீனுக்கு வர வேண்டும். மாட்டுக்கு முன்னால் புல் என்பது போலத்தான் இது.

இறாலின் கதை இன்னும் நுட்பமானது. முட்டை பொரிந்ததும் வருவது நாப்ளியஸ். அது ஆறு முறை உருமாறும், எதையும் தின்னாது. அடுத்து ஜோயியா, மூன்று நிலைகள். இதற்கு கீட்டோசெராஸ், ஸ்கெலடோனீமா போன்ற டயாட்டம் பாசிகள் வேண்டும். அடுத்த மூன்று நிலைகள் மைசிஸ். தலைகீழாகத் தொங்கி நீந்தும் இந்தப் பருவத்தில் ஆர்ட்டீமியா என்னும் உவர்நீர் இறாலின் குஞ்சுகளைக் கொடுக்கத் தொடங்குவார்கள். சுமார் பத்துப் பன்னிரண்டு நாட்களில் இத்தனை மாற்றமும் முடிந்து, நாம் ‘பிஎல்’ என்று சொல்லி வாங்கும் இறால் குஞ்சு உருவாகிறது. சேற்று நண்டில் ஐந்து ஜோயியா நிலைகள், அதற்கு மேல் மெகலோபா. மெகலோபாவுக்குக் கொடுக்கு முளைத்துவிடும். முளைத்த கையோடு பக்கத்தில் இருப்பதைப் பிடித்துத் தின்னும். ஒரு தாய் நண்டு பத்து லட்சத்துக்கும் மேல் முட்டை சுமந்தாலும், பொரிப்பகத்தில் நண்டுக் குஞ்சாகத் தேறுவது பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துக்கும் கீழேதான் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். முத்துச்சிப்பியும் ஆளியும் அப்படியே. அவற்றின் இளம் உயிரிகள் ஏறக்குறைய மூன்று வாரம் நீரில் மிதந்து, நுண்பாசி தின்று, பிறகுதான் ஒரு இடத்தைப் பிடித்து ஒட்டும்.

இதையெல்லாம் யாரோ ஒருவர் தொட்டியருகே இரவும் பகலும் உட்கார்ந்து பார்த்துத்தான் எழுதிவைத்தார்கள். ஜப்பானில் மோட்டோசாகு ஃபூஜினாகா 1930களில் குருமா இறாலை முட்டையிட வைத்து, இளம் உயிரிகளுக்கு டயாட்டம் பாசி கொடுத்து வளர்த்தார். அதன் முழு விவரம் 1942-ல் அச்சானது. இன்று உலகம் முழுவதும் நடக்கும் இறால் பொரிப்பகங்களின் மூலம் அதுதான். இந்தியாவில் ஹீராலால் சௌத்ரியும் கே.எச்.அலிக்குன்ஹியும் 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திப் பெருங்கெண்டை மீனை முட்டையிட வைத்தார்கள். அதற்கு முன் ஆற்றில் வெள்ளம் வரும்போது வலை கட்டிப் பிடித்த குஞ்சுகளே குளங்களுக்கு வந்தன. அதில் எது கெண்டை, எது குஞ்சைத் தின்னும் குறவை என்று பிரிப்பதே பெரும்பாடு. ஜூலை 10-ஐ மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். மேடையில் பொன்னாடை போர்த்துவதோடு, அன்று ஒரு நாற்றங்கால் குளத்தையாவது திறந்து காட்டினால் அந்த நாளுக்குப் பொருத்தமாக இருக்கும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் அனுபவத்தை இங்கே சற்று விரித்துச் சொல்வது பயன்படும். பெல்ஜியம் நாட்டின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பேட்ரிக் சோர்ஜெலூஸ் 1978-ல் ஆர்ட்டீமியா ஆய்வு மையத்தைத் தொடங்கினார். ஆர்ட்டீமியா முட்டையில் ஒரு வசதி உண்டு. உலர்ந்த நிலையில் டப்பாவில் அடைத்து ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். வேண்டும்போது கடல்நீரில் போட்டுக் காற்றும் வெளிச்சமும் கொடுத்தால் ஏறக்குறைய 24 மணி நேரத்தில் உயிருள்ள குஞ்சுகள் வந்துவிடும். பொரிப்பகக்காரருக்கு இது பால்பவுடர் மாதிரி. ஆனால் எல்லா ஊர் ஆர்ட்டீமியாவும் ஒன்றல்ல, சிலவற்றில் கடல்மீன் குஞ்சுக்குத் தேவையான கொழுப்பு அமிலம் இல்லை, அதனால்தான் தொட்டியில் குஞ்சுகள் காரணம் தெரியாமல் சாகின்றன என்பதை இந்த மையத்தின் ஆய்வுகள் தெளிவாக்கின. பிறந்த ஆர்ட்டீமியாவுக்குச் சத்தான எண்ணெய்க் கலவையை ஊட்டி, பிறகு அதை மீனுக்குக் கொடுக்கும் ஊட்டமேற்றும் முறையும் இப்படித்தான் பரவியது. 1991-ல் இளம் உயிரி வளர்ப்புக்கென்றே ஒரு தனி உலக மாநாட்டை அங்கே கூட்டினார்கள்.

இதைவிட நமக்கு நெருக்கமான பாடம் வியத்நாமில் இருக்கிறது. மீகாங் டெல்டாவின் கான் தோ பல்கலைக்கழகம், கெண்ட் மையத்துடன் சேர்ந்து 1980களில் வின் சாவ் பகுதி உப்பளங்களில் ஆர்ட்டீமியாவை விட்டு வளர்த்துப் பார்த்தது. அங்கே இயற்கையில் ஆர்ட்டீமியா கிடையாது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடா இனத்தைக் கொண்டுவந்து, கோடை மாதங்களில் உப்புக் காய்ச்சும் சிறு விவசாயிகளின் பாத்திகளிலேயே வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். வின் சாவில் அந்தப் பல்கலைக்கழகம் ஒரு கள நிலையத்தையே நிறுவியது. உப்பு விலை விழுந்தால் பட்டினி என்றிருந்த பகுதியில், இறால் பொரிப்பகங்கள் தேடி வாங்கும் முட்டைகள் உற்பத்தியாகத் தொடங்கின. ஆராய்ச்சி, பயிற்சி, சந்தை மூன்றும் ஒரே கரையில் கைகோத்ததால் நடந்தது இது.

நம்மிடம் என்ன குறை? நிறுவனங்களுக்குக் குறைவில்லை. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-ல் தொடங்கியது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மீன்வளத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் 2012-ல் உருவானது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அதற்கும் முந்தியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், 1997-ல் கொடுவாவை முட்டையிட வைத்துக் குஞ்சு உற்பத்தி செய்தது. அதன் முட்டுக்காடு நிலையத்தில் பால்மீன் குஞ்சும் பின்னாளில் சாத்தியமானது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010-ல் கடல் விராலையும் அடுத்த ஆண்டு வெள்ளிப் பாம்பனோவையும் இனப்பெருக்கம் செய்யவைத்தது. அதே நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தில் 1970களிலேயே வளர்ப்பு முத்தும், 1980களின் தொடக்கத்தில் முத்துச்சிப்பிக் குஞ்சும் கிடைத்துவிட்டன. சீர்காழி அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் நண்டுக் குஞ்சு உற்பத்தி செய்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் கிஃப்ட் திலேப்பியாவுக்கு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. மேட்டூர் அணை, பவானிசாகர், ஆழியாறு என்று அரசு மீன்குஞ்சுப் பண்ணைகள் வேறு. ஒரு மாநிலத்துக்கு இவ்வளவு அறிவுக் கூடங்கள் அமைவது எளிதல்ல.

குறை இருப்பது பயிற்சி கொடுக்கும் விதத்தில். ஒருநாள் பயிற்சி என்று அழைப்பு வருகிறது. காலையில் பதிவு, வரவேற்பு, திரையில் படங்கள், மதியம் சாப்பாடு, பிற்பகல் பொரிப்பகத்தைச் சுற்றிக் காட்டுதல், மாலையில் சான்றிதழோடு குழுப் புகைப்படம். விழிப்புணர்வுக்கு இது போதும். கூட்டுமீன் வளர்ப்புக்குக்கூட ஓரளவு பயன்படும். இளம் உயிரி வளர்ப்புக்குப் பயன்படாது. காரணம் எளிது. தொட்டியில் மூன்றாம் நாள் ஒரு சிக்கல், ஏழாம் நாள் வேறு சிக்கல், பன்னிரண்டாம் நாள் இன்னொரு சிக்கல். முதல் நாள் மட்டும் பார்த்துவிட்டுப் போனவருக்கு மற்ற நாட்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிரசவ அறையை ஒருமுறை எட்டிப் பார்த்தவரை மருத்துவச்சி என்று சொல்வோமா?

இரவில் இறால் தொட்டி பச்சை வெளிச்சமாக மின்னுவதைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்வது புரியும். ஒளிரும் விப்ரியோ பாக்டீரியாவின் வேலை அது. காலையில் வந்து பார்த்தால் தொட்டியின் அடியில் குஞ்சுகள் படிந்திருக்கும். அந்த நேரத்தில் பதறிப்போகிறவர் கை நேராக மருந்துப் பாட்டிலுக்குத்தான் போகும். குளோராம்பினிகால், நைட்ரோஃபியூரான் போன்ற தடை செய்யப்பட்ட நுண்ணுயிர்க் கொல்லிகள் இறாலில் இருப்பது தெரிந்தால் ஏற்றுமதிச் சரக்கு துறைமுகத்திலிருந்தே திரும்பும். நீரைச் சுத்திகரித்தல், தொட்டியைக் காயவைத்தல், ஆர்ட்டீமியாவைக் கழுவிக் கொடுத்தல், நன்மை செய்யும் பாக்டீரியாவைப் பயன்படுத்துதல் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் மாற்று வழிகள் எல்லாம் அந்த இரவுக்கு முன்பே பழகியிருக்க வேண்டியவை. புத்தகத்தில் படித்தவர் அந்த இரவில் தடுமாறுவார். ஒரு சுற்று முழுக்கத் தொட்டியருகே நின்றவருக்குக் கை தானாக வேலை செய்யும்.

எனவே இளம் உயிரி வளர்ப்புப் பயிற்சி என்றால் அது ஒரு முழுச் சுற்றுப் பயிற்சியாக இருக்க வேண்டும். கெண்டை என்றால் ஊசி போடும் நாள் முதல் நாற்றங்காலில் வலை இழுக்கும் நாள் வரை, ஏறக்குறைய மூன்று வாரம். இறால் என்றால் இரண்டு வாரம். தொடர்ந்து தங்க முடியாதவர்கள் வாரம் இருமுறை வந்து போகலாம். ஆனால் அவர் பெயரில் ஒரு தொட்டி, ஒரு குறிப்பேடு இருக்க வேண்டும். எத்தனை விட்டார், எத்தனை தேறியது என்பதே அவருடைய சான்றிதழில் அச்சாக வேண்டும். நூறு பேருக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தோம் என்று ஆண்டறிக்கையில் எழுதுவது எளிது. பத்துப் பேர் குஞ்சு வளர்த்துக் காட்டினார்கள் என்று எழுதுவது கடினம். அந்தக் கடினமான வரிதான் குளத்துக்குப் பயன்படும்.

பொரிப்பகம் வைக்க எல்லோராலும் முடியாது. ஆனால் பொரிப்பகத்துக்கும் வளர்ப்புக் குளத்துக்கும் நடுவில் உள்ள நாற்றங்கால் வேலையை சிறு விவசாயி செய்யலாம், மகளிர் குழுக்கள் செய்யலாம். இதில்தான் பல்கலைக்கழகமும் மீன்வளத் துறையும் முதலில் கவனம் வைக்க வேண்டும் என்பது நமது கருத்து. கணக்கைப் பாருங்கள். 10 சென்ட் குளம், ஒரு மீட்டர் தண்ணீர். குஞ்சு விடுவதற்கு மூன்று வாரம் முன்னதாக இலுப்பைப் புண்ணாக்கு 100 கிலோ ஊறவைத்துத் தெளித்தால் விரால், கெளுத்தி, குறவை போன்ற வேண்டாத மீன்கள் அழியும். பிறகு அதுவே உரமாகவும் மாறும். நஞ்சின் வீரியம் குறைய இரண்டு, மூன்று வாரம் தேவை என்பதால் அவசரப்படக் கூடாது. சாணமும் கரைத்துவிட்டால் நுண்மிதவை உயிரிகள் பெருகும். குஞ்சின் முதல் சாப்பாடு அதுதான்.

பலரும் தவறவிடும் இடம் அடுத்து வருகிறது. நீர்ப்பூச்சிகள். முதுகு கீழாக நீந்தும் பூச்சியும் தட்டான் புழுவும் நீர்வண்டும் ஆறு மில்லிமீட்டர் நீளமுள்ள நுண்மீன் குஞ்சைச் சாப்பிட்டே தீர்த்துவிடும். குஞ்சு விடுவதற்கு முந்தைய நாள், காற்று இல்லாத நேரமாகப் பார்த்து, சோப்பும் மலிவான தாவர எண்ணெயும் கலந்த கரைசலை நீர்ப்பரப்பில் தெளிக்க வேண்டும். ஹெக்டேருக்கு 56 கிலோ எண்ணெய், 18 கிலோ சோப்பு என்பது பழைய பரிந்துரை. நம் 10 சென்ட்டுக்கு இரண்டேகால் கிலோ எண்ணெய், முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சோப்பு. எண்ணெய்ப் படலம் மூடியதும் மேலே வந்து மூச்சு வாங்கும் பூச்சிகள் திணறிச் சாகும். செலவு சில நூறு ரூபாய். இதைச் செய்யாததால் போகும் குஞ்சோ பல்லாயிரம்.

மண் குளத்தில் ஹெக்டேருக்கு 30 முதல் 50 லட்சம் நுண்மீன் குஞ்சுகள் விடலாம் என்பதால், 10 சென்ட்டில் ஒரு லட்சத்து இருபதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை கொள்ளும். புதியவர்கள் ஒரு லட்சத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கடலைப் புண்ணாக்கும் தவிடும் சம அளவில் பொடித்துச் சலித்து, ஒரு லட்சம் குஞ்சுக்கு முதல் ஐந்து நாட்கள் தினம் 600 கிராம், அடுத்த நாட்களில் தினம் 1,200 கிராம். பதினைந்து முதல் இருபது நாட்களில் குஞ்சு ஒரு அங்குலம் தொடும். நூற்றுக்கு முப்பது தேறினால் சுமார், ஐம்பது தேறினால் நன்று. அதாவது ஒரு லட்சம் விட்ட இடத்தில் முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் இளம் குஞ்சுகள். ஊரில் இருக்கும் நான்கைந்து ஏரிகளுக்குக் குஞ்சு வெளியூரிலிருந்து வண்டியில் வர வேண்டியதில்லை. பயணத்தில் அலைந்து வந்த குஞ்சுக்கும் பக்கத்துத் தெருவில் பிடித்த குஞ்சுக்கும் பிழைக்கும் வலுவில் வித்தியாசம் உண்டு என்பதை ஏரிக் குத்தகைதாரர்கள் அறிவார்கள்.

கடலோரத்தில் இதே வேலையைக் கொடுவாவில் செய்யலாம். ஒன்றரை சென்டிமீட்டர் குஞ்சை வாங்கி, உவர்நீர்க் குளத்தில் கட்டிய ஹாப்பா வலைகளில் ஏழெட்டு வாரம் வளர்த்து விரல் நீளமாக்கி விற்பது. இதில் தொழில்நுட்பம் பெரிதாக ஒன்றுமில்லை, பொறுமைதான் முக்கியம். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பெரியது, சிறியது என்று தரம் பிரிக்காவிட்டால் பெரியது உடன்பிறந்ததையே விழுங்கிவிடும். அப்படி விழுங்கும்போது சில சமயம் தொண்டையில் சிக்கி இரண்டும் சாகும். கைவேகமும் கண்பார்வையும் வேண்டிய இந்த வேலை பெண்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் குஞ்சு வளர்ப்புக் குளம் அமைக்கப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் வகுக்கப்பட்டது. குளம் வெட்டப் பணம் கொடுக்கும் அரசு, அந்தக் குளத்தில் குஞ்சு வளர்க்கக் கற்றுக்கொடுப்பதையும் மானியத்தோடு கட்டாயமாக இணைக்க வேண்டும். வெட்டிய குளம் வாத்து நீந்தும் இடமாக மட்டும் முடிவதை எத்தனையோ ஊர்களில் பார்த்தாயிற்று.

இறால் விவசாயிகளின் நிலை வேறு. அவர்களுக்குக் குஞ்சு வளர்க்கும் வாய்ப்பு குறைவு, வாங்கும் பொறுப்பு அதிகம். 1990களின் நடுவில் வெள்ளைப்புள்ளி வைரஸ் வந்து வரி இறால் பண்ணைகளைக் காலி செய்தது. 2009-ல் நோயற்ற வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்து, வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதிக்கப்பட்ட பிறகே பொரிப்பகங்களுக்குப் போகும் ஏற்பாடு வந்தது. தாய் இறால் சுத்தமாக வந்தாலும், பொரிப்பகத்துக்குள் அதற்குக் கொடுக்கும் உயிருள்ள புழு வழியாகவே நோய் நுழையலாம். இஎச்பி என்னும் நுண்பூஞ்சை இறாலைக் கொல்வதில்லை. வளராமல் நிறுத்திவிடும். தீவனம் மட்டும் தீர்ந்துகொண்டிருக்கும். எனவே வெள்ளைப்புள்ளிக்கும் இஎச்பிக்கும் பிசிஆர் சோதனை முடிவைப் பார்க்காமல் குஞ்சு எடுக்கக் கூடாது. அந்த முடிவும் நீங்கள் வாங்கும் அதே தொட்டிக்குரியதா என்று பார்க்க வேண்டும். பொரிப்பகம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பணமே செலவில்லாத ஒரு சோதனையும் உண்டு. நூறு குஞ்சுகளை எண்ணி உப்பில்லாத தண்ணீரில் அரை மணி நேரம் விடுங்கள். மீண்டும் பொரிப்பகத்துக் கடல்நீரில் அரை மணி நேரம் விட்டு எண்ணுங்கள். 75-க்கு மேல் உயிரோடு இருந்தால் வலுவான குஞ்சு. அது போலவே, கெண்டைக் குஞ்சு வாங்குகிறவர்கள் சிறு கோப்பையால் அளந்து ‘இது இவ்வளவு ஆயிரம்’ என்று சொல்வதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். ஒரு கோப்பையை மட்டும் எண்ணச் சொல்லிப் பாருங்கள். எண்ணிக்கை திடீரென்று கூடுவதும் உண்டு!

ஆராய்ச்சிப் பக்கம் நமக்கு இரண்டு கவலைகள். ஒன்று, தாய் மீன். சிறு கெண்டைப் பொரிப்பகங்களில் அதே குளத்தில் பிறந்த மீன்களையே தலைமுறை தலைமுறையாகத் தாயும் தந்தையுமாக வைக்கிறார்கள். பெரிய மீன்களை விற்றுவிட்டு, விற்காமல் மிஞ்சியவற்றைத் தாயாக வைக்கும் வழக்கமும் இருக்கிறது. விதை நெல்லைச் சாப்பிட்டுவிட்டுப் பதரை விதைப்பதற்குச் சமம் இது. கட்லாவையும் ரோகுவையும் ஒரே தொட்டியில் முட்டையிட விட்டுக் கலப்புக் குஞ்சு உருவாவதும் நடக்கிறது. புவனேஸ்வரத்து நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் தேர்வு முறையில் உருவாக்கிய ஜெயந்தி ரோகு 1997-லேயே வெளியானது. நம் பொரிப்பகங்களுக்கு இத்தகைய தாய் மீன்கள் முறையாக, சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றித் தரப்படுகின்றனவா என்பதை மீன்வளப் பல்கலைக்கழகமும் துறையும் சேர்ந்து கணக்கெடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஆர்ட்டீமியா. வியத்நாமில் இல்லாத ஒன்று தூத்துக்குடி உப்பளங்களில் இயற்கையாகவே இருந்தது. ஆண் துணையின்றிப் பெண் மட்டுமே பெருகும் உள்ளூர் ஆர்ட்டீமியா அங்கே உண்டு என்பது 1980களிலேயே பதிவானது. ஆனாலும் நம் பொரிப்பகங்கள் அமெரிக்காவின் யூட்டா உப்பேரி போன்ற இடங்களில் எடுத்த முட்டை டப்பாக்களைத்தான் விலை கொடுத்து வாங்குகின்றன. உள்ளூர் இனத்தின் குஞ்சு பொதுவாகச் சற்றுப் பெரியது, எல்லா வாய்க்கும் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் வளர்ந்த ஆர்ட்டீமியாவைத் தாய் இறாலுக்கும் மீன் குஞ்சுக்கும் தீவனமாகக் கொடுப்பதில் அந்தத் தடை இல்லை. இறக்குமதி இனம் நம் உப்பளங்களில் நுழைந்து உள்ளூர் இனத்தை விரட்டுவதாகவும் ஆய்வாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள். வின் சாவில் செய்ததை அப்படியே இங்கே நகலெடுக்க முடியாது, கூடாது. உப்பளப் பாத்தியை ஒட்டியே மீன்வளக் கல்லூரி இருக்கும் ஊர் தூத்துக்குடி. சிறு உப்பளக் குத்தகைதாரர் நான்கைந்து பேரோடு சேர்ந்து, அவர்கள் பாத்தியிலேயே இரண்டு பருவம் உள்ளூர் இனத்தை வளர்த்துப் பார்த்து, லாபமா நட்டமா என்று வெளிப்படையாகச் சொல்லட்டும். நட்டம் என்றாலும் அது தெரிய வேண்டிய செய்திதான்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. மீன்வள ஆய்வாளர் ஒருவர் பல வட்டாரங்களைச் சுமக்கிறார், கையில் நூறு திட்டப் படிவங்கள். அவரை எல்லாக் குளத்துக்கும் வரச் சொல்வது நியாயமில்லை. ஆனால் முழுச் சுற்றுப் பயிற்சியை முதலில் பெற வேண்டியவர் அவர்தான். வேளாண் அறிவியல் நிலையங்களில் மீன்வளம் படித்தவர்கள் இருக்கும் இடங்களில் அங்கேயே ஒரு மாதிரி நாற்றங்கால் குளம் வைக்கலாம். பல்கலைக்கழகக் கையேடுகள் தமிழில் வருகின்றன. ஆனால் அவற்றில் பாதி ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பாக இருப்பதால் படிக்கிறவர் மூன்றாம் பக்கத்தில் மூடிவைத்துவிடுகிறார். நுண்மீன் குஞ்சு நீந்தும் விதம், பட்டினிக் குஞ்சின் வயிறு, ஒளிரும் தொட்டி இவற்றை ஐந்து நிமிடக் காணொளியாக எடுத்து அனுப்பினால் செல்பேசியில் பார்த்துக்கொள்வார்கள்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டியே கெண்டையின் சினைப் பருவமும் வலுக்கிறது. பயிற்சி அறிவிப்பு ஆகஸ்ட்டில் வந்தால் ஊசி போடும் நாள் போய்விட்டிருக்கும். ஏப்ரல், மே மாதங்களிலேயே நாற்றங்கால் குளங்களைக் காயப்போட்டு, இலுப்பைப் புண்ணாக்கு வாங்கிவைக்க வேண்டும். எந்தப் பண்ணையில் எந்த வாரம் நுண்மீன் குஞ்சு கிடைக்கும் என்ற அட்டவணையை மே மாத இறுதிக்குள் பல்கலைக்கழகமும் மீன்வளத் துறையும் சேர்ந்து வெளியிட்டால் இந்தப் பக்கத்தில் முழுமையாக அச்சிடத் தயாராக இருக்கிறோம். அதற்குள் உங்கள் ஊராட்சியில் 10 சென்ட்டுக்குக் குறையாத, தண்ணீரை வடிக்கவும் நிரப்பவும் முடிகிற குட்டைகள் எத்தனை இருக்கின்றன என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.